ஆதரவில்லாத லினக்ஸில் வொர்ஃப் வானிலை மாதிரி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாதிரியை, அதோடு புழங்குபவர்கள் சொல்வதுபோல் 'வொர்ஃப்' என்றே இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரில் இருக்கும் என்கார் ஆய்வு மையம் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய மாதிரி இது. எம்எம்5 என்ற பழைய மாதிரியின் வாரிசு. மூல நிரல் எல்லோருக்கும் இலவசம். நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இதைப் பயன்படுத்துகிறது. ஒரு புயலை நம் வீட்டுக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம். அதனால்தான், நிறுவுவதிலேயே மனம் சோர்ந்து விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இதை ஒரு பேக்கேஜாக இறக்கி நிறுவிவிட முடியாது. லட்சக்கணக்கான வரி ஃபோர்ட்ரான் நிரலையும் கொஞ்சம் சி நிரலையும் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும், அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்ற வேண்டும். கிடைக்கிற நிறுவல் குறிப்புகளும் தானியங்கி ஸ்கிரிப்ட்களும் பெரும்பாலும் உபுன்டுவையோ ரெட் ஹாட் குடும்பத்தையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆர்ச், டம்பிள்வீட், புத்தம் புதிய ஃபெடோரா, ஆல்பைன் போன்ற வேறு லினக்ஸ் வகைகளுக்கு (டிஸ்ட்ரோக்களுக்கு) போனால் அந்தக் குறிப்புகள் பாதியிலேயே கைவிட்டுவிடும். நான் ஓட்டுவது ஆர்ச் லினக்ஸில். கீழே வருபவை பெரும்பாலும் அங்கே பட்டவை. மற்ற டிஸ்ட்ரோக்களில் எது மாறும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவதோடு ஒலியை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வொர்ஃபுக்கு 'ஆதரவுள்ள' டிஸ்ட்ரோ தேவையில்லை. கம்பைலர், நெட்சிடிஎஃப் (தரவுக் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரி), எம்பிஐ (வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து தரும் லைப்ரரி) மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் போதும். பிழைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் வருகின்றன.

லாக்கின் கடைசி வரியில் 'எக்ஸிக்யூட்டபிள் கிடைக்கவில்லை' என்கிறது

எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். எல்லோரும் தடுக்கி விழுவதும் இங்கேதான். வொர்ஃபின் கம்பைல் ஸ்கிரிப்ட், பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த ஃபைலுக்குப் போகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. லாக்கில் 'எரர் 1' என்பதற்குப் பக்கத்தில் 'இக்னோர்டு' என்று வருவது இதனால்தான். ஆக, பத்தாவது நிமிடத்தில் ஒரு சின்ன ஃபைல் உடைந்திருக்கும். அதை நம்பியிருந்த நூறு ஃபைல்களும் அடுத்தடுத்து உடையும். கடைசியில் உங்கள் கண்ணில் படுவது அந்த நூறாவதன் புலம்பல்.

எனவே, கம்பைல் செய்யும்போது திரையில் வருவதை எல்லாம் ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். முடிந்ததும் அதை மேலிருந்து கீழாகத் தேடுங்கள். வெறுமனே 'எரர்' என்று தேடினால் அந்தச் சொல் உள்ள ஃபைல் பெயர்கள் எல்லாம் வந்து குழப்பும். 'எரர்' என்ற சொல்லோடு முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேடுங்கள். அப்புறம் 'ஃபேட்டல் எரர்', 'நோ சச் ஃபைல்', 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' ஆகியவற்றையும் தேடுங்கள். எது முதலில் வருகிறதோ அதை மட்டும் சரிசெய்யுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம். அது தானாகவே மறைந்துவிடும்.

நல்லபடியாக முடிந்தால் 'மெயின்' ஃபோல்டரில் நான்கு கோப்புகள் இருக்கும்: வொர்ஃப், ரியல் (வொர்ஃபுக்கான தொடக்கத் தரவைத் தயாரிப்பது), என்டவுன், டிசி. நான்கில் ஒன்று குறைந்தாலும் லாக்குக்குத் திரும்புங்கள்.

தொடங்கிய நொடியிலேயே 'பேட் இன்டர்ப்ரெட்டர்' அல்லது 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'

இது எளிது. வொர்ஃபின் கம்பைல் ஸ்கிரிப்ட் சி-ஷெல்லில் எழுதப்பட்டது. இன்றைய டிஸ்ட்ரோ பலவற்றில் சி-ஷெல் தானாக வருவதில்லை. டிசிஎஸ்எச் பேக்கேஜை நிறுவுங்கள். கூடவே எம்4, பெர்ல், மேக் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதிலேயே ஒளிந்திருக்கும் இன்னொன்று 'டைம்'. ஒரு கட்டளை எவ்வளவு நேரம் ஓடியது என்று அளக்கும் சிறு கருவி அது. டெர்மினலில் தட்டினால் வேலை செய்யும், ஏனென்றால் பாஷ் ஷெல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. ஆனால் வொர்ஃபின் மேக்ஃபைல் கம்பைலரை 'டைம்' என்ற தனி நிரல் வழியாக அழைக்கிறது. அந்தத் தனி நிரல் இல்லாவிட்டால் ஒரு ஃபோர்ட்ரான் ஃபைல்கூடக் கம்பைல் ஆகாது. 'டைம்' என்ற பெயரிலேயே பேக்கேஜ் இருக்கும், நிறுவிவிடுங்கள். முடியாத இடத்தில், கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டியதும் உருவாகும் கான்ஃபிகர்.வொர்ஃப் என்ற அமைப்பு ஃபைலைத் திறந்து, கம்பைலர் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் போதும்.

அதே ஃபைலில் சிபிபி என்ற முன்செயலியின் பாதை, வேர் ஃபோல்டருக்கு நேர்கீழே உள்ள 'லிப்' ஃபோல்டரில் என்று எழுதப்பட்டிருக்கும். அங்கே சிபிபி இல்லாத டிஸ்ட்ரோ என்றால், பாதையை நீக்கிவிட்டு வெறும் சிபிபி என்று மட்டும் விடுங்கள்.

நெட்சிடிஎஃப் நிறுவியிருந்தும் 'காணவில்லை' என்கிறது

வொர்ஃபுக்கு நெட்சிடிஎஃப் என்ற பெயரில், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரு சூழல் மாறி வேண்டும். அந்த மாறி காட்டும் ஃபோல்டருக்குள் 'இன்க்ளூட்' ஒன்றும் 'லிப்' ஒன்றும் இருக்க வேண்டும். சி மொழிக்கான நெட்சிடிஎஃப், ஃபோர்ட்ரானுக்கான நெட்சிடிஎஃப் இரண்டின் கோப்புகளும் அந்த ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. ஒருகாலத்தில் இரண்டும் ஒரே பேக்கேஜாக இருந்த பழக்கம் அது. பிரிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

டிஸ்ட்ரோக்களோ ஆளுக்கொரு இடத்தில் வைக்கின்றன. டெபியன் குடும்பத்தில் லைப்ரரிகள், செயலியின் வகையைப் பெயராகக் கொண்ட துணை ஃபோல்டருக்குள் போய்விடும். ஃபெடோராவில் 'லிப்64'-க்குள் இருக்கும். ஃபோர்ட்ரான் மாட்யூல்கள் இன்னும் ஆழத்தில் 'ஜிஃபோர்ட்ரான்' துணை ஃபோல்டரில். ஆர்ச்சில் எல்லாம் யூஎஸ்ஆர் கீழேயே இருப்பதால், மாறியை யூஎஸ்ஆருக்குக் காட்டினாலே போதும். ஆனால் ஃபோர்ட்ரான் நெட்சிடிஎஃப் தனி பேக்கேஜ் என்பதை மறந்துவிடக்கூடாது.

எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 'என்சி-கான்ஃபிக்', 'என்எஃப்-கான்ஃபிக்' இரண்டு கட்டளைகளையும் 'ஆல்' என்ற தெரிவோடு ஓட்டுங்கள். முதலாவது சி பகுதியின் இடத்தைச் சொல்லும், இரண்டாவது ஃபோர்ட்ரான் பகுதியின் இடத்தை. பிறகு உங்கள் ஹோமில் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் இன்க்ளூட், லிப் இரண்டையும் வைத்து, அசல் கோப்புகளுக்கு இங்கிருந்து சிம்லிங்க் (அசலைச் சுட்டும் குறுக்குவழி) போடுங்கள். மாறி இந்தப் புதிய ஃபோல்டரைக் காட்டட்டும். அசல் கோப்புகளை நகர்த்தவோ நகலெடுக்கவோ வேண்டாம்.

கம்பைல் முடியும் தறுவாயில் 'என்எஃப்' என்று தொடங்கும் பெயர்களுக்கு 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' வந்தால், ஃபோர்ட்ரான் லைப்ரரி இணைப்பில் சேரவில்லை, அல்லது வரிசை தவறு என்று பொருள். இரண்டு எஃப் உள்ள 'நெட்சிடிஎஃப்எஃப்' முதலில் வரவேண்டும், ஒற்றை எஃப் உள்ளது அதற்குப் பின்னால்.

'வேறு பதிப்பு ஜிஃபோர்ட்ரானால் உருவாக்கப்பட்ட மாட்யூல்' என்ற ஃபேட்டல் எரர்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒரு லைப்ரரியைக் கட்டும்போது 'மாட்' என்ற முடிவுள்ள கோப்பு ஒன்றை எழுதும். அதன் உள்வடிவம் கம்பைலரின் பதிப்பைப் பொறுத்தது. ஜிசிசியின் (ஜிஃபோர்ட்ரானும் அடங்கிய கம்பைலர் தொகுப்பு) பெரிய பதிப்பு மாறும்போது சில சமயம் அந்த வடிவமும் மாறும். லைப்ரரி பழைய கம்பைலரால் கட்டப்பட்டது, உங்களிடம் இருப்பதோ புதிது என்றால் (அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால்) கம்பைலர் அதைப் படிக்கவே மறுத்துவிடும்.

இந்தப் பிழைக்கு ஒட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. உங்களிடம் இப்போது இருக்கும் கம்பைலராலேயே லைப்ரரியை மறுபடி கட்டுவதுதான் வழி. தொடர்ந்து புதுப்பிக்கப்படும் டிஸ்ட்ரோவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: இந்தப் பிழை வரும் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே ஹோமுக்குள் லைப்ரரிகளுக்கு ஒரு தனி மரம் (ஃபோல்டர்) கட்டிவிடுங்கள். இசட்லிப், அதன் மேல் எச்டிஎஃப்5, அதன் மேல் சி நெட்சிடிஎஃப், அதன் மேல் ஃபோர்ட்ரான் நெட்சிடிஎஃப், தனியாக எம்பிச் (எம்பிஐயின் ஒரு வடிவம்). ஐந்தையும் ஒரே கம்பைலரால், ஒரே ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) கொடுத்து, இந்த வரிசையிலேயே கட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றுதான். அரை நாள் வேலை. சிஸ்டம் அப்டேட் ஆனால் அதிலுள்ள நெட்சிடிஎஃப் எங்கே போனாலும் உங்கள் மரம் அசையாது. மேலே சொன்ன சிம்லிங்க் வேலையும் மிச்சம்.

நானும் முதல் தடவை இதைச் செய்யவில்லை. சிஸ்டம் லைப்ரரிகளை வைத்தே கட்டி முடித்தேன். அடுத்த மாதம் ஒரு அப்டேட் போட்ட கையோடு எல்லாம் நின்றுபோனது. அந்த வார இறுதி முழுக்க மறுபடி முதலிலிருந்து.

'டைப் மிஸ்மேட்ச்': ரியல் என்கிறது, இன்டிஜர் என்கிறது

ஜிசிசி 10 பதிப்பு 2020இல் வந்தது. அதுவரை எச்சரிக்கையாக மட்டும் இருந்த ஒன்றை அது பிழையாக மாற்றியது. பழைய ஃபோர்ட்ரான் பாணியில், ஒரே துணை நிரலை ஓரிடத்தில் ரியல் வரிசையோடும் இன்னோரிடத்தில் இன்டிஜர் வரிசையோடும் அழைப்பது சர்வ சாதாரணம். தரவை முகவரியாக மட்டும் கடத்தும்போது அது வேலை செய்துவிடும். வானிலை நிரல்களில் இந்தப் பாணி நிறைய. எம்பிஐ அழைப்புகளில் இன்னும் அதிகம். நிரல் தவறு என்று பயப்பட வேண்டாம். கம்பைலர் கண்டிப்பானது, அவ்வளவுதான்.

தீர்வு, கான்ஃபிகர்.வொர்ஃப் ஃபைலில் 'எஃப்சிபேஸ்ஆப்ட்ஸ்' என்று தொடங்கும் வரியில் (ஃபோர்ட்ரான் ஃப்ளாக்குகள், அதாவது கம்பைலருக்கான தெரிவுகள், உள்ள வரி அது) 'எஃப்அலவ்-ஆர்கியூமென்ட்-மிஸ்மேட்ச்' என்ற ஃப்ளாக்கைச் சேர்ப்பது. முன்னால் ஒரு சிறு கோடு வரவேண்டும். 'பிஓஇசட்' பற்றிய பிழையும் சேர்ந்து வந்தால் 'எஃப்அலவ்-இன்வேலிட்-பிஓஇசட்' என்பதையும் சேருங்கள். வொர்ஃபின் அண்மைப் பதிப்புகள் கம்பைலரின் பதிப்பைப் பார்த்துத் தாமாகவே இதைச் சேர்த்துக்கொள்ளும். பழைய ஆய்வு ஒன்றை அதே பதிப்பில் திரும்பச் செய்ய வேண்டியவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. எல்லாப் பிழைகளுக்கும் ஒரேயடியாக 'எஸ்டிடி=லெகசி' போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அது மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்து மூடிவிடும் என்பதால் எனக்குப் பிடிக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கிளீன் -ஏ' கொடுத்தால் கான்ஃபிகர்.வொர்ஃப் ஃபைலும் போய்விடும். மறுபடி கான்ஃபிகர் ஓட்டினால் அது புதிதாக எழுதப்படும், நீங்கள் கையால் செய்த திருத்தம் எதுவும் அதில் இருக்காது. திருத்திய ஃபைலை வேறு பெயரில் வெளியே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கில் 'இன்க் ஃபைல் திறக்க முடியவில்லை'

லாக்கைப் பார்த்தால் கண்ணைக் கட்டும், ஆனால் காரணம் ஒன்றே ஒன்றுதான். வொர்ஃப் கம்பைல் ஆகும்போது முதலில் 'ரெஜிஸ்ட்ரி' என்ற சிறு சி நிரல் தயாராகும். மாதிரியின் மாறிகளை எல்லாம் அறிவிக்கும் இன்க் ஃபைல்களை எழுதுவது அதன் வேலை. அது கட்டப்படாவிட்டால் இன்க் ஃபைல்கள் பிறக்காது. அவை இல்லாமல் மற்ற எதுவும் நகராது.

ரெஜிஸ்ட்ரி ஏன் கட்டப்படவில்லை? புதிய டிஸ்ட்ரோவில் பெரும்பாலும் ஜிசிசி 14 அல்லது 15 காரணம். 2024இல் வந்த 14, முன்கூட்டி அறிவிக்காத செயற்கூறை சி நிரலில் அழைத்தால் பிழை என்று நிறுத்திவிடும். முன்பு எச்சரிக்கை மட்டும் தந்தது. 2025இல் வந்த 15 இன்னும் ஒரு படி போய், சி23 தரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரத்தில், வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்த செயற்கூறு எந்த உள்ளீடும் வாங்காது என்று பொருள். பழைய சி நிரலில் அப்படி அறிவித்துவிட்டு உள்ளீடு கொடுப்பது வழக்கம். 'டூ மெனி ஆர்கியூமென்ட்ஸ்' என்று வருவது இதனால்தான்.

14க்கு 'டபிள்யூநோ-எரர்=இம்ப்ளிசிட்-ஃபங்ஷன்-டெக்ளரேஷன்' என்ற ஃப்ளாக். 15க்கு அதோடு 'எஸ்டிடி=ஜிஎன்யூ17'. இரண்டையும் கான்ஃபிகர்.வொர்ஃபில் இரண்டு இடங்களில் சேர்க்க வேண்டும். 'சிஃப்ளாக்ஸ்_லோக்கல்' ஒன்று, 'சிசி_டூல்ஸ்_சிஃப்ளாக்ஸ்' இன்னொன்று. முதலாவது மாதிரியின் சி பகுதிகளுக்கு, இரண்டாவதுதான் ரெஜிஸ்ட்ரிக்கு. முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு ஏன் இன்னும் அதே பிழை என்று பலர் குழம்புவார்கள்.

பழைய ஜிசிசியையே பக்கத்தில் நிறுவிக்கொள்வதும் ஒரு வழி. அப்படிச் செய்தால் லைப்ரரி மரத்தையும் அந்தப் பழைய கம்பைலராலேயே கட்ட வேண்டும்.

'ஆர்பிசி/டைப்ஸ்.எச் கிடைக்கவில்லை'

சன் ஆர்பிசி என்ற பழைய பகுதி ஒருகாலத்தில் ஜிலிப்சியோடு (பெரும்பாலான லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) சேர்ந்தே வந்தது. 2020இல் வந்த ஜிலிப்சி 2.32 அதை முற்றாக நீக்கிவிட்டது. சில டிஸ்ட்ரோக்கள் அதற்கு முன்பே நீக்கிவிட்டன. அந்த இடத்தை இப்போது நிரப்புவது லிப்டிஐஆர்பிசி. அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவி, சி ஃப்ளாக் வரியில் இன்க்ளூட் பாதையாக யூஎஸ்ஆர், இன்க்ளூட், டிஐஆர்பிசி என்ற ஃபோல்டரைச் சேருங்கள். இணைப்பின்போதும் பிழை தொடர்ந்தால் லைப்ரரி வரியில் 'எல்டிஐஆர்பிசி'யையும் சேர்த்துவிடுங்கள்.

'அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன்', பக்கத்தில் எஃப்90=ஜிஃபோர்ட்ரான்

கான்ஃபிகர்.வொர்ஃபில் எம்பிஐ கம்பைலர் பெயருக்குப் பின்னால் வரும் இந்தத் தெரிவு எம்பிச்சுக்குத்தான் புரியும். எம்பிஐயின் இன்னொரு வடிவமான ஓபன்எம்பிஐக்குப் புரியாது, அதை அப்படியே ஜிஃபோர்ட்ரானிடம் தள்ளிவிடும். 'டிஎம்_எஃப்சி' வரியில் அதை நீக்குங்கள். அடுத்த வரியான 'டிஎம்_சிசி'யில் 'சிசி=' என்று இருப்பதையும் நீக்குங்கள்.

'எஃப்951 கில்டு'

எஃப்951 என்பது ஜிஃபோர்ட்ரானின் உள்ளே உண்மையில் வேலை செய்யும் நிரல். அது கொல்லப்பட்டது என்றால் நினைவகம் தீர்ந்துவிட்டது. வொர்ஃபின் சில ஃபைல்கள், கதிர்வீச்சுக் கணக்குகளும் நிலப்பரப்பு மாதிரிகளும், மிகப் பெரியவை. நான்கைந்து ஒரே நேரத்தில் ஓடினால் 8 ஜிபி மடிக்கணினி தாங்காது. 'ஜே' என்ற சூழல் மாறியில் '-ஜே 1' கொடுத்து ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) இல்லாவிட்டால் சில ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் போடுங்கள். நேரம் ஆகும், ஆனால் முடியும்.

டபிள்யூபிஎஸ்ஸில் மூன்றில் ஒன்றோ இரண்டோதான் வந்தது

வொர்ஃப் கட்டி முடித்த பிறகே டபிள்யூபிஎஸ் என்ற முன்தயாரிப்புத் தொகுப்பைக் கட்ட வேண்டும், ஏனென்றால் அது வொர்ஃபின் லைப்ரரிகளைக் கடன் வாங்குகிறது. அதில் மூன்று நிரல்கள். ஜியோகிரிட் நிலப்பரப்பைத் தயாரிக்கும். அன்கிரிப், கிரிப் வடிவில் வரும் வானிலைத் தரவைப் பிரிக்கும். மெட்கிரிட் இரண்டையும் இணைக்கும். எது வரவில்லை என்பதே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்கிரிப் மட்டும் இல்லை என்றால் ஜாஸ்பர். கிரிப்2 தரவுக்குள் இருக்கும் ஜேபெக்2000 சுருக்கத்தைப் பிரிக்கும் லைப்ரரி அது. என்கார் குறிப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது 1.900.1 என்ற பழைய பதிப்பை. புதிய ஜாஸ்பரில் அன்கிரிப் எதிர்பார்க்கும் சில உள்பகுதிகள் கிடையாது. 'ஜேபிசி_டீகோட்' பற்றியோ 'இன்மெம்' பற்றியோ பிழை வந்தால் உங்கள் டிஸ்ட்ரோ புதிய ஜாஸ்பரைத் தந்திருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டத்தில் இருப்பதை இறக்கிப் பழையதை ஏற்றாதீர்கள், வேறு பல மென்பொருள்கள் அதை நம்பியிருக்கும். டபிள்யூபிஎஸ் 4.4 முதல் நல்ல வழி வந்துவிட்டது. கான்ஃபிகர் ஓட்டும்போது 'பில்ட்-கிரிப்2-லிப்ஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால், இசட்லிப், லிப்பிஎன்ஜி, ஜாஸ்பர் மூன்றையும் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் 1.900.1ஐ உங்கள் தனி மரத்துக்குள் கட்டி, 'ஜாஸ்பர்லிப்', 'ஜாஸ்பர்இன்க்' என்ற இரண்டு சூழல் மாறிகளையும் அங்கே காட்டுங்கள். அதுவும் பழைய சி நிரல் என்பதால், ரெஜிஸ்ட்ரிக்குச் சொன்ன அதே ஃப்ளாக்குகள் இதற்கும் வேண்டியிருக்கலாம்.

அன்கிரிப் வந்து மற்ற இரண்டும் வராவிட்டால் வொர்ஃபோடு உள்ள இணைப்பில்தான் சிக்கல். முதலில் 'வொர்ஃப்_டிர்' என்ற மாறி சரியான ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சரியாகக் காட்டியும் 'ஜிஓஎம்பி' என்று தொடங்கும் பெயர்களுக்கு 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' வந்தால், கான்ஃபிகர்.டபிள்யூபிஎஸ் ஃபைலில் 'வொர்ஃப்_லிப்' தொகுதியின் கடைசியில் 'எல்ஜிஓஎம்பி' சேருங்கள். இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும்.

ஜியோகிரிட் ஓடும்போது 'இன்டெக்ஸ்' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றால் அது கம்பைல் பிழையே அல்ல. நேம்லிஸ்ட் என்ற அமைப்பு ஃபைலில் நிலத்தரவின் பாதை தவறு. அந்தத் தரவை விரிக்க ஏறத்தாழ 30 ஜிபி இடம் வேண்டும். டிஸ்க் நிறைந்து பாதியில் விரிந்திருந்தாலும் இதே பிழைதான் வரும்.

நான்கு கோர் கொடுத்தும் ஒவ்வொன்றும் 'டாஸ்க் 0 ஆஃப் 1' என்கிறது

ஒரே வேலையை நான்கு பேர் தனித்தனியாக முழுதாகச் செய்கிறார்கள் என்று பொருள். ஒரே வெளியீட்டு ஃபைலில் நான்கு பேரும் எழுதிக் குழப்பிவிடுவார்கள். எம்பிச்சால் கட்டிவிட்டு ஓபன்எம்பிஐயின் 'எம்பிஐரன்'னால் ஓட்டினால் இப்படி ஆகும். 'விச் எம்பிஐரன்' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தனி மரத்தின் 'பின்' ஃபோல்டர், பாத் மாறியில் முதலில் வரட்டும். இல்லாவிட்டால் முழுப் பாதையோடு அழையுங்கள்.

ஓபன்எம்பிஐயிலேயே கட்டி ஓட்டும்போது 'ஸ்லாட் போதவில்லை' என்று வந்தால், உங்கள் கணினியில் உள்ள உண்மையான கோர்களைவிட அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஓடத் தொடங்கியதும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'

முதலில் 'யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்' கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஃபோர்ட்ரான் நிரல் பெரிய வரிசைகளை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைக்கும். பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் ஸ்டாக்குக்கு 8 எம்பி மட்டும்தான் தருகின்றன. பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் 'ஆர்எஸ்எல்.எரர்' என்று தொடங்கும் ஃபைல்களைப் படியுங்கள், 0000 மட்டுமல்ல, எல்லாவற்றையும். அவற்றில் 'சிஎஃப்எல்' என்ற சொல் நிறைய வந்தால் நிறுவலில் குறை எதுவும் இல்லை, மாதிரி ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேர அளவு (டைம் ஸ்டெப்) பெரிதாகிவிட்டது. கிரிட் இடைவெளி கிலோமீட்டரில் எவ்வளவோ அதன் ஆறு மடங்கு விநாடி என்பது வழக்கமான கணக்கு: 9 கிலோமீட்டருக்கு 54 விநாடி. மலைப்பகுதியோ கடும் புயலோ என்றால் நான்கு மடங்கு, மூன்று மடங்கு என்று இறக்கிப் பாருங்கள்.

ரியல் நிரல் 'மெட்கிரிட் லெவல் ஒத்துவரவில்லை' என்று நிற்கிறது

சோதனைக்கு நான் எப்போதும் எடுப்பது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பாதை நன்றாகப் பதிவாகியிருப்பதால், மாதிரி சரியாக ஓடுகிறதா என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆனால் பழைய நிகழ்வுக்கு இன்றைய நேம்லிஸ்டைப் போட்டால் இந்தப் பிழை வரும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற உலகளாவிய மாதிரியின் தரவில் செங்குத்து அடுக்குகளின் எண்ணிக்கை காலப்போக்கில் மாறியிருக்கிறது. 2016 மே முதல் 2019 ஜூன் வரையிலான தரவு என்றால் நேம்லிஸ்டில் 32. அதற்குப் பிந்தையது என்றால் 34. கஜாவுக்கு 32. 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்கு 34.

மனப்பாடம் செய்ய வேண்டாம். மெட்கிரிட் எழுதிய 'மெட்_ஈஎம்' ஃபைல் ஒன்றின் மேல் 'என்சிடம்ப் -எச்' ஓட்டினால் 'நம்_மெட்கிரிட்_லெவல்ஸ்' என்ற வரி அங்கேயே இருக்கும். அந்த எண்ணை அப்படியே நேம்லிஸ்டில் எழுதுங்கள். மண் அடுக்குகளுக்கும் இதே முறைதான்.

நேற்று ஓடியது, இன்று 'ஷேர்டு ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை'

நடுவில் சிஸ்டம் அப்டேட் ஆகியிருக்கும். வொர்ஃப் நிரலின் மேல் 'எல்டிடி' ஓட்டினால் எந்த லைப்ரரி 'நாட் ஃபவுண்ட்' என்பது தெரியும். அது லிப்ஜிஃபோர்ட்ரான் என்றால் அதன் பழைய பதிப்பு உங்கள் டிஸ்ட்ரோவில் தனி பேக்கேஜாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். நெட்சிடிஎஃப் என்றால் தனி மரம் கட்டிவிட்டு வொர்ஃபை அதன் மேல் மறுபடி கம்பைல் செய்யுங்கள். கிடைத்த புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் போட்டு ஓட்டலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நிரல் ஓடும், ஆனால் எழுதும் எண்களை நம்ப முடியாது.

ஆல்பைன் போன்ற மசல் டிஸ்ட்ரோ

ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற சி லைப்ரரியை வைத்திருக்கும் டிஸ்ட்ரோக்களில் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் புதிது புதிதாக ஏதாவது முளைக்கும். அங்கே போராட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு லினக்ஸுக்குள் இன்னொன்றைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் கருவிகளான போட்மேனும் டிஸ்ட்ரோபாக்ஸும் நிறுவி, அந்தப் பெட்டிக்குள் உபுன்டுவோ ராக்கி லினக்ஸோ ஒன்றை எழுப்புங்கள். ஹோம் ஃபோல்டர் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் என்பதால் தரவை நகலெடுக்க வேண்டியதில்லை. உள்ளே ஓடும் வேகத்திலும் கவனிக்கும்படியான குறைவு இருக்காது. அடிப்படை அமைப்பைத் தொட முடியாதபடி பூட்டி வரும் டிஸ்ட்ரோக்களுக்கும் இதே வழிதான். பெட்டிக்குள் கட்டியதைப் பெட்டிக்குள்ளேயே ஓட்டுங்கள். வெளியே இருந்து அழைத்தால் லைப்ரரி கிடைக்கவில்லை என்ற பிழைக்கே திரும்பி வருவீர்கள்.